புனேயில் சொந்த ஃபிளாட் பிறந்த கதை

புனேயில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் வீட்டு விலையில் வந்து நின்றுவிடுகிறது. வாகட், பாணேர், கராடி என்று இடங்களின் பெயர்கள் அடிபடும். இப்போதே கடன் எடுத்து வாங்கிவிடலாமா, விலை சரியட்டும் என்று காத்திருக்கலாமா என்ற கேள்வி வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

80 லட்ச ரூபாய்க்கு ஒரு ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். வங்கி 80 சதவீதம், அதாவது 64 லட்சம் தருகிறது. எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 55,500 ரூபாய் கட்ட வேண்டும். கையிலிருந்து 16 லட்சம் போட வேண்டும். புனே நகரில் ஆண் பெயரில் வாங்கினால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம். அது 5 லட்சத்து 60 ஆயிரம். கட்டி முடியாத வீடென்றால் 5 சதவீத ஜி.எஸ்.டி., இன்னும் 4 லட்சம். சாவி கைக்கு வருமுன் 25 லட்சத்துக்கு மேல் தயாராக இருக்க வேண்டும். அதே வீடு மாதம் 25,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறது என்றால், வருட வாடகை அதன் விலையில் 4 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 4 சதவீதம் தேறாத ஒரு பொருளை எட்டரை சதவீத வட்டிக்குக் கடன்பட்டு ஒரு நகரமே வாங்கத் துடிப்பது ஏன்?

இன்றைய சந்தை நிலவரத்தை எவ்வளவு அலசினாலும் இதற்கு விடை கிடைக்காது. சொந்த ஃபிளாட் என்ற பொருள் எப்படிப் பிறந்தது என்று 1947-லிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

வாடகை உறைந்த வருடம்

பழைய புனேயின் வீடு வாடா. கஸ்பா, சனிவார், நாராயண், சதாசிவ் என்ற பேட்டைகளில் முற்றத்தைச் சுற்றி மரத்தூணும் மண்சுவருமாக எழுந்தவை வாடாக்கள். பேஷ்வாக்களின் காலத்தில் பெருங்குடும்பங்கள் வாழ்ந்த அந்த வீடுகள், பிற்காலத்தில் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டன. திருவல்லிக்கேணியின் ஒண்டுக்குடித்தனம் தெரிந்தவர்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. குமாஸ்தா, ஆசிரியர், அச்சகத் தொழிலாளி என்று நடுத்தர மக்கள் வாடகைக்கு வாழ்ந்தார்கள். வீடு வாங்காதது அன்று யாருக்கும் குறையாகத் தோன்றவில்லை.

இரண்டாம் உலகப் போர் பம்பாய்க்கும் புனேக்கும் மக்களை இழுத்துவந்தது. வாடகை ஏறியது. பம்பாய் மாகாண அரசு 1947-ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. 1940 செப்டம்பர் 1 அன்று ஒரு வீட்டுக்கு என்ன வாடகையோ, அதுவே நியாய வாடகை என்று வகுத்தது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. பஞ்சமும் பிரிவினையும் கண்ட அந்த நாளில் ஏழைக் குடும்பங்களைத் தெருவுக்கு வராமல் காத்தது இந்தச் சட்டம். அதன் நோக்கத்தில் பிழை சொல்ல முடியாது.

ஆனால் தற்காலிகமாக வந்த சட்டம் நீட்டிக்கப்பட்டுக்கொண்டே போனது. அரை நூற்றாண்டு கழிந்தும் 1940-ன் வாடகையே அடிப்படையாக இருந்தது. வருகிற வாடகை சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் போதாதபோது உரிமையாளர் பழுதுபார்ப்பதை நிறுத்தினார். உள்ளே நுழைய விரும்புகிறவரிடம் 'பகடி' என்ற பெயரில் கணக்கில் வராத பெருந்தொகை கேட்கும் வழக்கம் வேரூன்றியது. வாடகைக்கு விடுவதற்கென்றே புது வீடு கட்டப் பணம் போடுபவர்கள் விலகிக்கொண்டார்கள்.

சட்டத்தைச் சுற்றிப்போக 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்ற ஒப்பந்தம் வந்தது. குடியிருப்பவர் வாடகைதாரர் இல்லை, அனுமதி பெற்றுத் தங்குபவர் மட்டுமே என்பது அதன் சாரம். 1973-ல் அரசு சட்டத்தைத் திருத்தி, அந்த வருடம் பிப்ரவரி 1 அன்று அப்படித் தங்கியிருந்தவர்களுக்கும் வாடகைதாரரின் பாதுகாப்பைத் தந்தது. அன்று பிடித்த பயம் வீட்டுக்காரர்களை விட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை. புனேயில் வாடகைக்குப் போகிற தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் கையெழுத்திடும் 11 மாத 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தம் அந்தப் பயத்தின் மிச்சம். 1940-ன் வாடகையை உறையவைத்தது நியாயமற்றுப் போய்விட்டது என்று உச்ச நீதிமன்றம் 1997-ல் சொன்ன பிறகுதான் புதிய சட்டம் எழுதப்பட்டது. 2000 மார்ச் 31 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது, வாடகைக்கென்று வீடு கட்டும் தொழில் அழிந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது.

1961, ஜூனும் ஜூலையும்

வாடகை வீடு கட்டுவது நின்றதும் கட்டுபவர்கள் வேறு வழி கண்டார்கள். வாங்கப்போகிறவர்களிடமே முன்பணம் திரட்டுவது, அந்தப் பணத்தில் கட்டுவது, ஒவ்வொரு தளத்தையும் பிரித்து விற்பது. கட்டி முடித்ததும் வாங்கியவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொள்வார்கள். பம்பாய்க்குக் கூட்டுறவு வீட்டுவசதி புதிதில்லை. காம்தேவியில் சாரஸ்வத் சங்கம் 1915-லேயே தொடங்கியிருந்தது. அங்கே உறுப்பினர்கள் சேர்ந்து தங்களுக்கே கட்டிக்கொண்டார்கள். புதிய ஏற்பாட்டில் நடுவில் பில்டர் வந்து உட்கார்ந்தார்.

புகார்களும் உடனே வந்தன. பணம் வாங்கிவிட்டுக் கட்டாதவர்கள், பத்திரம் சரியில்லாத நிலத்தில் கட்டியவர்கள், நிலத்தைச் சங்கத்துக்கு எழுதித் தராதவர்கள் என்று பட்டியல் நீண்டது. 1960 மே 1 அன்று மகாராஷ்டிர மாநிலம் பிறந்தது. அதே மாதம் புதிய அரசு இந்த முறைகேடுகளை ஆராய ஒரு குழுவை நியமித்தது. குழு தன் அறிக்கையை 1961 ஜூனில் கொடுத்தது.

அடுத்த மாதம், ஜூலை 12 அன்று, புனேக்கு மேலே பான்ஷெட் அணை உடைந்தது. சீறி வந்த வெள்ளத்தில் கீழே இருந்த கடக்வாஸ்லா அணையும் உடைந்தது. முடா நதி கரையைத் தாண்டி நாராயண், சனிவார், கஸ்பா பேட்டைகளுக்குள் புகுந்தது. பல வருடம் பழுது பார்க்கப்படாத மண்சுவர் வாடாக்களால் அதைத் தாங்க முடியவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் வீடிழந்தன. அவர்களில் பெரும்பகுதியினர் வாடகைக் குடித்தனக்காரர்கள். வாடா விழுந்தபோது குறைந்த வாடகை என்ற அவர்களுடைய ஒரே சொத்தும் அதோடு போயிற்று.

லோக்மான்ய நகர், கோகலே நகர், சஹகார் நகர் என்று நகரின் தெற்கிலும் மேற்கிலும் எழுந்த குடியிருப்புகளில் அந்த வெள்ளத்தின் வரலாறு இருக்கிறது. அரசு நிலம் கொடுத்தது. வெள்ளத்தில் தப்பியவர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்தார்கள். புனேயின் நடுத்தர வர்க்கம் ஆற்றங்கரையை விட்டு வெளியே வந்து, வாடகைக் குடித்தனத்திலிருந்து உரிமையாளராக மாறத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான்.

1963-ல் மகாராஷ்டிர உரிமை ஃபிளாட்டுகள் சட்டம் நிறைவேறியது, சுருக்கமாக மோஃபா. நிலப் பத்திரத்தை வாங்குபவருக்குக் காட்ட வேண்டும், முன்பணம் வாங்குமுன் எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும், சங்கத்தைப் பதிவு செய்து நிலத்தை அதன் பெயருக்கு மாற்றித் தர வேண்டும் என்றது. சென்னையில் ஃபிளாட் வாங்குபவர் பத்திரத்தில் தன் பங்கு நிலம் எத்தனை சதுர அடி என்று பார்த்து வாங்குகிறார். புனேயில் நிலம் சங்கத்துக்குப் போக வேண்டும். தனி மனிதருக்கு ஃபிளாட்டும் சங்கப் பங்கும்தான். பல பில்டர்கள் அந்த நிலத்தை எழுதித் தரவே இல்லை. அவர்கள் வராவிட்டாலும் அதிகாரியே மாற்றித் தரலாம் என்று சட்டத்தைத் திருத்த 2008 வரை ஆனது.

இப்படித்தான் சொந்த ஃபிளாட் சட்டபூர்வமாகப் பிறந்தது. வாடகை வீட்டுக்குப் பாதை அடைபட்டதால் பிறந்த பொருள் அது.

அதே 1961, சிங்கப்பூரில்

1961 மே 25 அன்று சிங்கப்பூரின் புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைப் பகுதி தீப்பிடித்து எரிந்தது. சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கி ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஆனாலும் ஓராண்டுக்குள் அவர்களுக்கு அடுக்குமாடி வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. முதலில் குறைந்த வாடகைக்கு, 1964-லிருந்து விற்பனைக்கும். 1966-ல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. இன்று சிங்கப்பூரர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அந்தக் கழக வீடுகளில் வாழ்கிறார்கள். நம்மவர்கள் பலரும் அங்கே குடியிருக்கிறார்கள்.

இரண்டு நகரங்களுக்கும் ஒரே வருடத்தில் பேரிடர் வந்தது. சிங்கப்பூர் அரசு நிலத்தைக் கையில் எடுத்துத் தானே கட்டியது. நம் அரசு வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குச் சில குடியிருப்புகளைத் தந்துவிட்டு, மற்றவர்களுக்குச் சந்தையைக் காட்டியது. சிங்கப்பூரின் சிறு பரப்பும் அரசின் பிடியும் நமக்குப் பொருந்தாது என்பது உண்மை. ஆனாலும் வீட்டு விலை எந்த முடிவுகளால் உருவாகிறது என்பதை இந்த இரண்டு கதைகளும் தெளிவாகக் காட்டுகின்றன.

விலைக்கு ஏணி வைத்தவை

1976-ல் நகர நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. புனேயில் ஒருவர் 1,000 சதுர மீட்டருக்கு மேல் காலி நிலம் வைத்திருக்கக் கூடாது என்றது. உபரி நிலம் ஏழைகளின் வீடாகும் என்று எதிர்பார்த்தார்கள். அதில் பெரும்பகுதி வழக்குகளிலும் விலக்குகளிலும் சிக்கிக் கட்டப்படாமல் கிடந்தது. மகாராஷ்டிரம் அந்தச் சட்டத்தை 2007-ல்தான் கைவிட்டது.

1977-ல் ஹஸ்முக் பரேக் எச்.டி.எஃப்.சி.யைத் தொடங்கினார். அதுவரை ஓய்வு பெறும்போது கிடைக்கும் சேமநிதியில் வீடு கட்டியவர்களுக்கு, இளமையிலேயே தவணையில் வீடு என்ற வழி திறந்தது. பெரிய நன்மைதான். ஆனால் நிலம் அதே அளவில் இருக்க, வாங்கும் சக்தி மட்டும் கூடினால் அந்தப் பணம் விலைக்குள்ளேயே போய்ச் சேரும்.

நிலமோ கட்டுக்குள் கிடந்தது. நகரின் 1987 வளர்ச்சித் திட்டத்தை 20 வருடத்தில் புதுப்பித்திருக்க வேண்டும். பழைய நகர எல்லைக்கான புதிய திட்டத்துக்கு அரசின் ஒப்புதல் 2017 ஜனவரியில்தான் கிடைத்தது. அந்த 30 வருடத்தில் புனே வேறு ஊராகிவிட்டது. 2001 முதல் 2011 வரை மட்டும் புனே பெருநகர மக்கள்தொகை சுமார் 37 லட்சத்திலிருந்து 50 லட்சத்தைத் தாண்டியது.

வந்தவர்களுக்கு நிறுவனம் வீடு தரும் காலமும் முடிந்திருந்தது. தேஹு ரோடு, கட்கி இராணுவக் கிடங்குகளுக்கும் ஆலைகளுக்கும் அந்த நாளில் வேலைக்கு வந்த தமிழர்களில் பலர் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வளர்த்தார்கள். பிம்ப்ரியில் 1954-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் ஊழியர்களுக்குத் தனிக் குடியிருப்பே கட்டியது. 1990-களின் இறுதியில் ஹிஞ்சவடியில் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகமான எம்.ஐ.டி.சி.யின் ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பூங்கா எழுந்தபோது குவார்ட்டர்ஸ் கூட வரவில்லை. சம்பளம் வந்தது, வீட்டுக்கடன் வந்தது. ஊழியர்களும் பில்டர்களிடம் போனார்கள்.

இந்தக் கட்டத்தில் ஹடப்சரில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே சுமார் 120 விவசாயக் குடும்பங்களின் 400 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் நகரத்தின் வாயில் நின்றது. சதீஷ் மகர் முன்னின்று அந்தக் குடும்பங்களைச் சேர்த்தார். நிலத்தைப் பில்டருக்கு விற்காமல், எல்லோரும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கி, அவரவர் நிலத்துக்கு ஏற்பப் பங்கு எடுத்துக்கொண்டார்கள். 2000-ல் கட்டுமானம் தொடங்கிய மகர்பட்டா நகரம் இப்படி எழுந்தது. விற்ற காசை இரண்டு வருடத்தில் கரைத்துவிட்டு நிற்கும் விவசாயிகளின் கதையை எல்லா நகர விளிம்பிலும் கேட்டிருக்கிறோம். மகர்பட்டா அந்த விதியை மாற்றியது. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. வீடுகளை விற்ற அந்த நிறுவனம், ஐ.டி. அலுவலகக் கட்டடங்களை வாடகைக்கு விட்டு வருமானம் ஈட்டியது. அலுவலகத்தை வாடகைக்கு விடுவது லாபம், வீட்டை விற்றுவிடுவதே லாபம் என்ற நிலையை நம் சட்டங்களும் வரலாறும் உண்டாக்கியிருந்தன.

சரியுமா?

இந்தக் கதையைக் கேட்ட பிறகு இளைஞர்களின் கேள்விக்கு வரலாம்.

அமெரிக்காவில் 2006-க்குப் பிறகு வீட்டு விலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. முன்பணமே இல்லாமல், சம்பளச் சான்று பார்க்காமல் கொடுத்த கடன்கள் திரும்பாதபோது, வங்கிகள் லட்சக்கணக்கான வீடுகளைக் கிடைத்த விலைக்கு விற்றன. விலை சரிய வேண்டுமானால் கிடைத்த விலைக்கு விற்றே தீர வேண்டியவர்கள் கூட்டமாக வர வேண்டும். இங்கே கடனின் அளவுக்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது: 30 லட்சம் வரை வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. ஒய்.வி. ரெட்டி கவர்னராக இருந்தபோது, 2005-லும் 2006-லும், வணிகக் கட்டடத் துறைக்குக் கடன் கொடுக்கும் வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று விதியை இறுக்கினார். வீடு வாங்கியவர் தன் பணத்தையும் பெற்றோர் சேமிப்பையும் அதில் போட்டிருக்கிறார். எதை விட்டாலும் வீட்டுத் தவணையை விடமாட்டார்.

இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களும் அவசரப்படுவதில்லை. 2011 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாடகை சொற்பம், குடிவைத்தால் தொல்லை என்று பூட்டிவைப்பதும் அந்தப் பழைய பயத்தின் தொடர்ச்சியே. அரசுக்கும் விலை விழுவதில் ஆர்வம் இருக்காது. முத்திரைத்தீர்வை மாநிலத்தின் பெரிய வருவாய்களில் ஒன்று. அதற்கு அடிப்படையான ரெடி ரெக்னர் மதிப்பை நிர்ணயிக்கும் பதிவுத்துறைத் தலைமை அலுவலகம் இருப்பதும் புனேயில்தான்.

அதனால் புனேயில் விலை வேறு விதமாக இறங்குகிறது. 2014-லிருந்து 2020 வரை விலை பெரிதாக அசையவில்லை. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு, 2017 மே மாதம் பில்டர்களை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம், பிறகு கொரோனா என்று அடுத்தடுத்து வந்தன. ஃபிளாட்டின் விலை ஆறு வருடம் அதே எண்ணில் நிற்க, மற்ற பொருள்களின் விலை வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால், அந்த ஃபிளாட்டின் உண்மை மதிப்பு கால் பங்கு குறைந்துவிடுகிறது. அதைச் சரிவு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் சம்பளக்காரர்களுக்குக் கிடைத்த நிவாரணம் அதுதான். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மகாராஷ்டிர அரசு முத்திரைத்தீர்வையை 3 சதவீதப் புள்ளிகள் குறைத்தது, வட்டியும் இறங்கியிருந்தது. வாங்குபவர்கள் திரண்டார்கள், தேக்கம் முடிந்தது, விலை மீண்டும் ஏறத் தொடங்கியது.

இனியும் தேக்கங்கள் வரும். ஐ.டி. வேலைகள் குறைந்தால், முதலீட்டுக்காக வாங்கியவர்கள் நிறைந்த நகர விளிம்பில் விலை நன்றாகவே இறங்கும். 2021-ல் சேர்ந்த 23 கிராமங்களோடு மாநகராட்சி எல்லை பெரிதாகி, தண்ணீரும் சாலையும் பின்தங்கிய இடங்களில் அந்த ஆபத்து கூடுதல். ஆனால் நகரம் முழுவதும் விலை பாதியாகும் நாளுக்காக வாழ்க்கையைத் தள்ளிப்போடுவது வீண். அப்படி ஒரு நாள் வந்தாலும் வேலை போய், வங்கிகள் கையை இறுக்கிய நாளாகத்தான் அது வரும். அன்று வீடு வாங்கும் நிலையில் அந்த இளைஞரே இருக்கமாட்டார்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. தவணை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வாடகையிலேயே இருங்கள். அதில் மானக்குறைவு எதுவும் இல்லை. வாங்கினால் ரெரா சட்டத்தின் மாநில ஆணையமான மகாரெராவில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், விலையைக் கார்ப்பெட் ஏரியாவில் கணக்கிடுங்கள், நிலம் சங்கத்தின் பெயருக்கு மாறியதா என்று கேளுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது அதைவிடப் பெரியது. 4,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் கட்டும்போது 20 சதவீதத்தைச் சிறு வருமானக்காரர்களுக்கு ஒதுக்கும் விதி மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. மாநில வீட்டுவசதி அமைப்பான மஹாடாவின் குலுக்கலில் அந்த வீடுகள் கிடைக்கின்றன. அதுவும் விற்பனைதான், குலுக்கலில் பெயர் வராதவருக்கு வழியில்லை. 2025 மே மாதம் அறிவித்த புதிய வீட்டுவசதிக் கொள்கையில் வாடகை வீடுகளுக்கும் இடம் தந்திருக்கிறார்கள். அது காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது. ஹிஞ்சவடியைச் சுற்றியும் மெட்ரோ நிலையங்களை ஒட்டியும் அரசு நிலத்தை விற்காமல் வைத்துக்கொண்டு, நீண்டகால வாடகைக்கென்றே ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்ட வேண்டும். வாடகை நியாயமாக ஏறவும், குடியிருப்பவர் 11 மாதத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டாமல் இருக்கவும் சட்டம் இரு பக்கமும் காவல் நிற்க வேண்டும்.

புனேயில் வீட்டு விலை பிறந்தது வாடகை வீடு செத்த இடத்தில். நல்ல வாடகை வீடு கையெட்டும் தூரத்தில் இருந்தால், எந்த விலைக்கும் வாங்கியே தீர வேண்டும் என்ற நெருக்கடி தளரும். அந்த நெருக்கடி தளர்ந்தால் சரிவு வராமலேயே விலை மனிதர்களின் சம்பளத்துக்குப் பக்கத்தில் வரும்.